புதியவர் யார்? கூடைப்பந்தின் ஒரு விருதும் அதன் பின்னுள்ள ஒரு சொல்லும்

2024 அக்டோபர் 3 அன்று அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான டபிள்யூஎன்பிஏ அவ்வாண்டின் சிறந்த ரூக்கி யார் என அறிவித்தது. விளையாட்டு எழுத்தாளர்களும் ஒலிபரப்பாளர்களும் அடங்கிய குழுவின் 67 வாக்குகளில் 66 இந்தியானா ஃபீவர் அணியின் கெய்ட்லின் கிளார்க்குக்குக் கிடைத்தன. எஞ்சிய ஒரே வாக்கு சிகாகோ ஸ்கை அணியின் ஏஞ்சல் ரீஸுக்குச் சென்றது. எண்களை மட்டும் பார்ப்பவருக்கு இதில் விவாதத்துக்கு இடமே இருந்ததாகத் தோன்றாது. ஆயினும் அவ்வாண்டு மே முதல் செப்டம்பர் வரை அமெரிக்க விளையாட்டுலகில் மிகுந்த சூட்டுடன் நடந்த வாதங்களுள் இதுவும் ஒன்று. அறுபத்தாறுக்கு ஒன்று என முடிந்த வழக்கு ஐந்து மாதம் நீண்டது ஏன் என்ற வினா, அந்த இரு வீராங்கனையரைக் கடந்து ஒரு சொல்லின் பொருளுக்குள் நம்மை இட்டுச் செல்கிறது.

முதலில் இரு தரப்பு வாதங்களையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். கிளார்க் 40 ஆட்டங்களிலும் களமிறங்கி, ஆட்டத்துக்குச் சராசரியாக 19.2 புள்ளிகள் எடுத்தார். சக வீராங்கனை புள்ளி எடுப்பதற்கு வழிவகுக்கும் கடைசிப் பாஸை அசிஸ்ட் என்பர். அதில் ஆட்டத்துக்கு 8.4 என்ற சராசரியுடன் லீக்கிலேயே முதலிடம் பெற்றார். அவருடைய மொத்தம் 337 அசிஸ்ட். ஒரு பருவத்தில் அதற்கு முன் எவரும் எட்டாத எண் அது. 2023இல் 13 வெற்றி, 27 தோல்வி கண்ட அணி, 2024இல் 20 வெற்றி, 20 தோல்வியுடன் 2016க்குப் பின் முதன்முறையாகப் பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. ரீஸின் கணக்கும் இளைத்ததன்று. கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றும் ரீபவுண்டில் அவர் ஆட்டத்துக்கு 13.1 என்ற சராசரியை எட்டினார். லீக்கின் வரலாற்றில் அதுவரை யாரும் அந்த அளவைத் தொட்டதில்லை. தொடர்ந்து 15 ஆட்டங்களில் புள்ளியிலும் ரீபவுண்டிலும் இரட்டை இலக்கம் கண்டார். மணிக்கட்டுக் காயத்தால் பருவத்தின் கடைசி ஆட்டங்களை இழந்தார்.

எதிர்வாதங்களும் இருந்தன. கிளார்க் எதிரணியிடம் பந்தைப் பறிகொடுத்த தடவைகள் 223. ஒரு பருவத்தில் அதுவும் ஒரு சாதனைதான், வேண்டாத சாதனை. ரீஸ் கூடையை நோக்கி எறிந்தவற்றில் நூற்றுக்கு நாற்பதுக்கும் குறைவாகவே உள்ளே விழுந்தன. இவற்றையெல்லாம் எடைபோட்ட நடுவர்கள் ஏறத்தாழ ஒருமித்த முடிவுக்கு வந்தார்கள். ஆனால் பொதுவெளியில் வாதிட்டவர்கள் பலர் எடைபோட்ட பொருளே வேறு. எவர் முன்னமே தேர்ந்தவர், எவர் இனி வளரக்கூடியவர், எவர் தம் அணியை உயர்த்தினார், எவர் லீக்குக்குக் கூட்டத்தைக் கொணர்ந்தார் என்று நான்கு தராசுகள் ஒரே நேரத்தில் ஆடின. ஒரே சொல்லை அனைவரும் கையாண்டாலும் அச்சொல் அனைவருக்கும் ஒரே பொருளைத் தரவில்லை.

ரூக்கி என்பது படைவீட்டுச் சொல். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியப் படைவீரரின் பேச்சுவழக்கில் அது புழங்கியது. கிப்ளிங்கின் 1892ஆம் ஆண்டுப் பாடல் தொகுப்பு அதைப் படைவீட்டுக்கு வெளியேயும் பரப்பியது. புதிதாகப் படையில் சேர்க்கப்பட்டவரைக் குறிக்கும் ரெக்ரூட் என்னும் சொல்லின் சிதைவாகவே அகராதியாளர்கள் பெரும்பாலும் அதைக் கருதுகின்றனர். அந்த மூலப்பொருள் கவனத்துக்குரியது. படையில் புதியவர் என்பது துப்பாக்கி பிடிக்கத் தெரியாதவர் என்று பொருள்படாது. பதிவேட்டில் பெயர் புதிதாக ஏறியவர் என்பதே அதன் பொருள். வேட்டையில் கைதேர்ந்தவனும் பட்டாளத்தில் சேர்ந்த முதல் நாளில் ரூக்கிதான். நாளடைவில் அச்சொல் அனுபவமற்றவர், தடுமாறுபவர் என்ற நிறத்தையும் ஏற்றுக்கொண்டது.

சொற்கள் இடம் மாறும்போது பொருளும் நிறம் மாறுவதற்குப் பெங்களூர்த் தமிழருக்கு வேறு சான்று வேண்டியதில்லை. 1809இல் அமைந்த பிரித்தானியப் படைமுகாமான கண்டோன்மென்ட்டை ஒட்டி, அதன் தென்புறத்தில் அமைந்தது நீலசந்திரா. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. அப்பெயரைத் தமிழில் எழுதிப் படிப்பவர் செவியில் நிலவே ஒலிக்கும். ஆனால் திப்பசந்திரா, சிங்கசந்திரா எனப் பெங்களூரைச் சுற்றி நிறைந்திருக்கும் ஊர்ப்பெயர்களின் இந்த ஈறு, ஏரியைக் குறித்த சமுத்திரம் என்பதன் மரூஉ என்பதே பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். நீர் இருந்த இடத்தில் நிலவு வந்து அமர்ந்துவிட்டது. ரூக்கி என்ற சொல்லிலும் பதிவேடு இருந்த இடத்தில் தடுமாற்றம் வந்து அமர்ந்தது. விருது விவாதங்களின் குழப்பத்தில் பெரும்பகுதி அங்கிருந்து தொடங்குகிறது.

தமிழில் இந்தக் குழப்பத்தைத் தெளிவாகப் பிரித்துக் காட்ட இயலும். ஏனெனில் தமிழில் இதற்கு ஒரு சொல் இல்லை, மூன்று உண்டு. ஆட்டத்தையே இன்னும் கற்றுக்கொண்டிருப்பவரைக் கத்துக்குட்டி என்கிறோம். திறமை எவ்வளவாயினும் இந்த மேடைக்குப் புதியவரைப் புதுமுகம் அல்லது அறிமுக ஆட்டக்காரர் என்கிறோம். இன்றைய ஆட்டத்தைக் காட்டிலும் நாளைய ஆட்டத்தை எண்ணி ஒருவரைப் போற்றும்போது வளரும் நட்சத்திரம் என்கிறோம். முதலாவது கலையை அளப்பது. இரண்டாவது நிறுவனத்தை அளப்பது. மூன்றாவது எதிர்காலத்தை ஊகிப்பது. டபிள்யூஎன்பிஏ விருதின் வரலாறு இம்மூன்று பொருள்களும் ஒன்றோடொன்று மோதிய வரலாறே.

லீக்கின் முதல் பருவம் 1997 ஜூனில் எட்டு அணிகளுடன் தொடங்கியது. அவ்வாண்டு ரூக்கி விருது வழங்கப்படவில்லை. லீக்கே புதிது, ஆடிய அனைவரும் அதற்குப் புதியவர்கள். பழையவர் இல்லாத வீட்டில் புதியவர் எனத் தனியே ஒருவரைச் சுட்ட இயலாது. 1998இல்தான் முதல் விருது சார்லட் ஸ்டிங் அணியின் டிரேசி ரீடுக்கு வழங்கப்பட்டது. அவர் வட கரோலைனா பல்கலைக்கழகத்திலிருந்து நேரே வந்தவர், ஆட்டத்துக்கு 13.8 புள்ளிகள் எடுத்தார்.

ஆனால் அதே ஆண்டு இன்னொரு விருதும் வழங்கப்பட்டது. அதன் பெயர் ஆண்டின் சிறந்த புதுவரவு. அதைப் பெற்றவர் கிளீவ்லாந்து ராக்கர்ஸ் அணியின் சூசி மெக்கானல் செரியோ. 1988 ஒலிம்பிக்கில் தங்கமும் 1992 ஒலிம்பிக்கில் வெண்கலமும் வென்ற அமெரிக்க அணிகளில் ஆடியவர்; பின்னர் பள்ளி அணியொன்றின் பயிற்சியாளராக இருந்தவர்; நான்கு குழந்தைகளின் தாய். முப்பது வயதைக் கடந்த பின் லீக்குக்கு வந்தார். அவர் கல்லூரி முடித்த 1988இல் அமெரிக்காவில் பெண்கள் ஆடுவதற்கு நிலையான தொழில்முறை லீக் ஏதும் இல்லை. லீக் பிறந்து அவரைத் தேடி வந்தபோது அவர் புதியவராகவும் இருந்தார், பழையவராகவும் இருந்தார். அவரை 22 வயதுப் பட்டதாரியோடு ஒரே வரிசையில் நிறுத்துவது முறையன்று என்று லீக் எண்ணியிருக்க வேண்டும். ஆகவே ஒரே வாசலில் இரு கதவுகள் வைக்கப்பட்டன.

மறு ஆண்டே அந்த ஏற்பாட்டின் விசித்திரம் வெளிப்பட்டது. 1996இல் தொடங்கிய ஏபிஎல் என்னும் போட்டி லீக் 1998 டிசம்பரில் நிதி வற்றிக் கலைந்தது. அதன் வீராங்கனையர் 1999இல் டபிள்யூஎன்பிஏவுக்குள் வந்தனர். அவர்களுள் ஒருவர் சாக்ரமெண்டோ மோனார்க்ஸ் அணியில் சேர்ந்த 29 வயது யோலாண்டா கிரிஃபித். ஜெர்மனியிலும் ஏபிஎல்லிலும் ஏற்கெனவே ஊதியம் பெற்று ஆடியவர். டபிள்யூஎன்பிஏவில் தம் முதல் பருவத்திலேயே ஆட்டத்துக்கு 18.8 புள்ளிகளும் 11.3 ரீபவுண்டும் எடுத்து, லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதையும் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதையும் வென்றார். ஆனால் சிறந்த ரூக்கி விருது வாஷிங்டன் மிஸ்டிக்ஸ் அணியின் ஷமீக் ஹோல்ட்ஸ்க்லாவுக்குச் சென்றது. கிரிஃபித்துக்குக் கிடைத்தது சிறந்த புதுவரவு விருது. லீக்கில் முதல் ஆண்டு ஆடியவர்களிலேயே சிறந்தவர் யார் என்று கேட்டால் விடை கிரிஃபித். சிறந்த ரூக்கி யார் என்று கேட்டால் விடை ஹோல்ட்ஸ்க்லா. கேள்வி ஒன்றுபோல் தோன்றினாலும் விடை இரண்டு.

அந்த இரட்டைக் கதவு நிலைக்கவில்லை. புதுவரவு விருது அந்த இரு ஆண்டுகளோடு நின்றது. இன்று வெளிநாட்டு லீக்குகளில் பல ஆண்டுகள் ஆடித் தேர்ந்தவரும் டபிள்யூஎன்பிஏவில் தம் முதல் பருவத்தில் ரூக்கியாகவே எண்ணப்படுகிறார். 2024இல் கிளார்க்கும் ரீஸும் இடம்பெற்ற சிறந்த ரூக்கிகள் ஐவர் அணியில் நியூயார்க் லிபர்ட்டியின் லியோனி ஃபீபிச்சும் இருந்தார். ஜெர்மானியரான அவரை அமெரிக்க அணியொன்று 2020லேயே டிராஃப்டில் தேர்ந்தெடுத்திருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் ஐரோப்பாவில் தொழில்முறையில் ஆடி, ஸ்பெயின் லீக்கின் முன்னணி ஆட்டக்காரராக உயர்ந்தார். 2025இன் ஐவரிலும் பிரான்சிலிருந்து வந்த ஜனெல் சலவுன் இடம்பெற்றார். ஆக, கத்துக்குட்டி என்ற பொருளை லீக் கைவிட்டு, புதுமுகம் என்ற பொருளை ஏற்றுவிட்டது. பொதுமக்களின் வாதம் மட்டும் இன்னும் பழைய பொருளைப் பற்றிக்கொண்டிருக்கிறது. இவர் ஏற்கெனவே ஆடியவராயிற்றே என்ற மறுப்பு ஒவ்வோர் ஆண்டும் எழுவதன் காரணம் இதுவே.

புதுமுகம் என்ற பொருளையே ஏற்றாலும் அந்த முதல் ஆண்டு எப்போது தொடங்குகிறது என்ற சிக்கல் எஞ்சுகிறது. டமிக்கா கேட்சிங்ஸை இந்தியானா அணி 2001 டிராஃப்டில் மூன்றாவதாகத் தேர்ந்தெடுத்தது. முழங்கால் காயத்தால் அவ்வாண்டு முழுவதும் அவரால் களமிறங்க முடியவில்லை. 2002இல்தான் முதன்முதலாக ஆடினார். அதே 2002இல் டிராஃப்டின் முதல் தேர்வாகச் சியாட்டில் ஸ்டார்ம் அணிக்கு வந்தவர் சூ பேர்ட். இருவரும் அவ்வாண்டின் லீக் முதல் ஐவர் அணியிலேயே இடம்பெற்றனர். ரூக்கி விருது 18.6 புள்ளிகளும் 8.6 ரீபவுண்டும் எடுத்த கேட்சிங்ஸுக்குச் சென்றது. அணியின் ஊதியப் பட்டியலில் ஓராண்டு முன்னரே ஏறியவர், அணியின் பயிற்சிக்கூடத்தில் ஓராண்டு கழித்தவர் புதியவரா என்று கேட்க இடமுண்டு. லீக்கின் விடை தெளிவானது: ஆடுகளத்தில் கால் வைத்த ஆண்டே முதல் ஆண்டு. காயம்பட்டவருக்கு அந்த ஆண்டு திருப்பித் தரப்படுகிறது. அதில் ஓர் அறமும் உள்ளது.

இனி மூன்றாவது பொருள். விருது எதிர்காலத்துக்கு ஈடா? வரலாறு இல்லை என்றே சொல்கிறது. 2001இல் விருது பெற்ற ஜாக்கி ஸ்டைல்ஸ் அடுக்கடுக்கான காயங்களால் இரண்டு பருவங்களுக்கு மேல் ஆடவில்லை. அவருடைய போர்ட்லாண்ட் ஃபயர் அணியும் 2002க்குப் பின் கலைந்தது. 2020இல் மினசோட்டா லிங்ஸ் அணியின் கிரிஸ்டல் டேஞ்சர்ஃபீல்டு, பெருந்தொற்றுக் காலத்தில் ஃபுளோரிடாவில் ஒரே வளாகத்துக்குள் நடந்த சுருங்கிய பருவத்தில் 16.2 புள்ளிகள் எடுத்து விருது வென்றார். டிராஃப்டில் 16ஆவதாக, இரண்டாம் சுற்றில் தேர்வானவர். முதல் சுற்றில் தேர்வாகாத ஒருவர் இவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. இரண்டே ஆண்டுகளில், 2022 பருவம் தொடங்கும் முன்னர், அதே அணி அவரை விடுவித்தது. அப்போது லீக்கில் 12 அணிகள். அணிக்கு அதிகம் போனால் 12 இடங்கள். மொத்தம் 144 இடங்களுக்கு உலகமே போட்டியிடும் களத்தில் சிறந்த புதியவர் என்ற பட்டம் மூன்றாம் ஆண்டு வேலைக்குக்கூட உறுதி தரவில்லை. மறுமுனையில் 2008இல் கேண்டஸ் பார்க்கர் ஒரே ஆண்டில் சிறந்த ரூக்கியாகவும் லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்வானார். டபிள்யூஎன்பிஏவில் இரண்டையும் ஒருசேரப் பெற்றவர் அவர் ஒருவரே. விருது ஓராண்டின் கணக்கு. அடுத்த ஆண்டைப் பற்றி அது எதுவும் பேசுவதில்லை.

அணியின் வெற்றி என்ற தராசும் நிலையானதன்று. 2024இல் கிளார்க் தம் அணியைப் பிளேஆஃப் சுற்றுக்கு உயர்த்தினார் என்பது அவருக்கு ஆதரவான முதன்மை வாதங்களுள் ஒன்று. மறு ஆண்டு டாலஸ் விங்ஸ் அணியின் பெய்ஜ் பெக்கர்ஸ், கிளார்க்கைப் போலவே ஆட்டத்துக்கு 19.2 புள்ளிகள் எடுத்து, 72 வாக்குகளில் 70 பெற்று வென்றார். அவருடைய அணி கண்டது 10 வெற்றி, 34 தோல்வி. மீதமிருந்த இரு வாக்குகள் வாஷிங்டனின் சோனியா சிட்ரனுக்குச் சென்றன. அணியின் நிலைதான் அளவுகோல் என்றால் 2025இன் முடிவு வேறாக இருந்திருக்கலாம். அடுத்தடுத்த இரு ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரேவகை நடுவர்கள் ஒரே வகையான ஆட்டத்துக்கு வாக்களித்தார்கள். அணியின் வெற்றி இருந்தபோது அதைக் கூடுதல் சான்றாகச் சேர்த்துக்கொண்டார்கள், இல்லாதபோது விட்டுவிட்டார்கள்.

முதல் முறை மேடையேறுபவருக்குப் பரிசளிக்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அதற்குச் சான்று. மாதவி ஏழாண்டு பயிற்சி பெற்றுப் பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் முதன்முதலாக ஆடுகிறாள். ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் தலைக்கோல் பட்டமும் பெறுகிறாள். அந்தக் காதையில் இங்குக் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, அரங்கேறுபவள் அரங்குக்குப் புதியவள், கலைக்குப் பழையவள். ஏழாண்டு உழைப்பு முடிந்த பிறகே முதல் நாள் வருகிறது. கத்துக்குட்டியை யாரும் அரங்கேற்றுவதில்லை. இரண்டாவது, ஆட்டத்தைப் பாடுவதற்கு முன் இளங்கோவடிகள் அரங்கையே அளந்து சொல்கிறார். எட்டுக்கோல் நீளம், ஏழுகோல் அகலம், ஒருகோல் உயரம். ஆடலாசான், இசையாசான், யாழாசிரியன், குழலோன், முழவோன் என ஒவ்வொருவருக்கும் இலக்கணம். அளவு தெரிந்த அரங்கு ஒன்று இருந்தால்தான் அதில் ஏறியவர் முதன்முறை ஏறினாரா, எவ்வளவு சிறப்பாக ஆடினார் என்று சொல்ல முடியும்.

அந்த அரங்கு என்னும் கேள்வியோடு பெங்களூருக்குத் திரும்ப வேண்டும். நீலசந்திராவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கப்பன் பூங்காவை ஒட்டி நிற்கிறது ஸ்ரீ கண்டீரவா உள்விளையாட்டரங்கம். 2017 ஜூலையில் ஆசியப் பெண்கள் கூடைப்பந்துக் கோப்பை அங்கு நடந்தது. முதல் பிரிவில் ஜப்பான் ஆஸ்திரேலியாவை 74க்கு 73 என ஒரே புள்ளியில் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. இரண்டாம் பிரிவின் இறுதியாட்டத்தில் இந்தியப் பெண்கள் கஜகஸ்தானை வென்று முதல் பிரிவுக்கு உயர்ந்தனர். இந்திய அணியின் தலைவி சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை. 2019இல் முதல் பிரிவுப் போட்டியும் அதே அரங்கில் நடந்தது. உலகத் தரத்தில் அளந்து அமைக்கப்பட்ட மரத்தளம் இருந்தது; ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புள்ளிவிவரத் தாள் இருந்தது. போட்டி முடிந்ததும் அவை அனைத்தும் முடிந்தன. இந்தியாவில் ஐவர் ஆடும் முழுமையான பெண்கள் தொழில்முறை லீக் எதுவும் ஆண்டுதோறும் நடந்து நிலைபெறவில்லை.

இதன் விளைவை அனிதாவின் வாழ்வே காட்டுகிறது. 2001 முதல் 2017 வரை தொடர்ந்து ஒன்பது ஆசியப் போட்டிகளில் ஆடியவர்; பதின்பருவம் முடியும் முன்னர் இந்திய அணிக்குத் தலைமை ஏற்றவர். அவருடைய முதல் ஆண்டு எது? மாவட்ட அணிக்கு ஆடியதா, தமிழ்நாட்டுக்கு ஆடியதா, நாட்டுக்கு ஆடியதா, தென்னக ரயில்வேயில் பணியேற்று அத்துறைக்கு ஆடியதா? இந்தியாவில் கூடைப்பந்து ஆடும் பெண்ணுக்குத் தொழில்முறை வாசல் என்பது பெரும்பாலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வரும் பணி நியமன ஆணைதான். தேசிய சாம்பியன்ஷிப்பில் இந்திய ரயில்வே அணி பல்லாண்டுகளாகக் கோலோச்சுவதன் காரணமும் அதுவே. அந்த ஆணை வாழ்வுக்குப் பாதுகாப்புத் தருகிறது. அதன் மதிப்பைக் குறைத்துச் சொல்லக் கூடாது. டேஞ்சர்ஃபீல்டுக்குக் கிடைக்காத பாதுகாப்பு அது. ஆனால் அந்த ஆணை வந்த ஆண்டில் சேர்ந்த அனைவரும் ஒரே எதிரணிகளோடு, ஒரே எண்ணிக்கையிலான ஆட்டங்களில், ஒரே கணக்கேட்டின்கீழ் ஆடுவதில்லை. தேசியப் போட்டி சில நாள்களில் முடிந்துவிடுகிறது. ஒரு குழு வலுவான பிரிவிலும் இன்னொரு குழு எளிய பிரிவிலும் ஆடுகிறது. அங்குச் சிறந்த புதுமுகம் யார் என்று கேட்டால் வாதிடுவதற்குப் பொதுவான எண்களே இல்லை.

ஆகவே அங்கீகாரம் வாழ்வின் மறுமுனைக்கு நகர்கிறது. அனிதாவுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது 2021இல், நாட்டுக்காக முதன்முதலில் ஆடி ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு. வாரணாசியின் பிரசாந்தி சிங்குக்கு 2017இல் அர்ஜுனா விருதும் 2019இல் பத்மஸ்ரீயும் வந்தன. கோட்டயம் மாவட்டம் சங்ஙனாசேரியைச் சேர்ந்த கீது அன்னா ஜோஸுக்கு அர்ஜுனா விருது 2014இல் வந்தது. இவை பெருமைக்குரிய விருதுகள், அதில் ஐயமில்லை. ஆனால் இவை அனைத்தும் கடந்து வந்த தூரத்துக்குத் தரப்படுபவை. இருபது வயதுப் பெண்ணிடம், இந்த ஆண்டு இந்தியாவில் உன்னைப் போல் புதிதாக வந்தவர்களுள் நீயே சிறந்தவள் என்று சொல்லும் விருது ஒன்றும் அவற்றுள் இல்லை.

கீதுவின் கதை இந்த இடைவெளியை இன்னும் கூர்மையாகக் காட்டும். தென்னக ரயில்வேக்கு ஆடிய அவர், ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணியில் ஆடி, அந்நாட்டில் கூடைப்பந்து ஆடிய முதல் இந்தியப் பெண் ஆனார். 2011இல் சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்று டபிள்யூஎன்பிஏ அணிகளின் தேர்வு முகாம்களுக்கு அழைக்கப்பட்டார். அவ்வாறு அழைக்கப்பட்ட முதல் இந்தியப் பெண்ணும் அவரே. எந்த அணியிலும் இடம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால், இந்திய அணியின் முதன்மை ஆட்டக்காரராகப் பல ஆண்டுகள் கழித்திருந்த அவர், 25 வயதில் லீக்கின் கணக்கில் ஒரு ரூக்கி. அவ்வாண்டு விருது வென்ற மினசோட்டாவின் மாயா மூரோடு ஒரே பட்டியலில் அவர் பெயரும் இருந்திருக்கும். ஆட்டத்தில் பழுத்தவரை அரங்கு புதியவர் என்று அழைப்பது அவமதிப்பன்று. அந்த அழைப்புக்காகத்தான் அவர் கடல் கடந்து சென்றார்.

லீக் ஒன்று வந்துவிட்டால் இத்தகைய வாதம் இந்தியாவிலும் உடனே பிறக்கும் என்பதற்குப் பெண்கள் கிரிக்கெட்டே சான்று. 2023இல் தொடங்கிய பெண்கள் பிரீமியர் லீக் முதல் பருவத்திலிருந்தே வளரும் வீராங்கனை விருதை வழங்குகிறது. 2023இல் அதைப் பெற்ற மும்பை அணியின் யஸ்திகா பாட்டியா, அதற்கு முன்னரே இந்தியாவுக்காக ஆடியவர். 2024இல் பெற்றவர் பெங்களூர் அணியின் ஷ்ரேயங்கா பாட்டீல். அது அவருக்கு இரண்டாவது பருவம். 13 விக்கெட்டுகளுடன் பருவத்தின் முதன்மைப் பந்துவீச்சாளராகவும் திகழ்ந்தார், இறுதியாட்டத்தில் 12 ஓட்டங்களுக்கு 4 விக்கெட் வீழ்த்தினார். டபிள்யூஎன்பிஏவின் வரையறையில் இரண்டாம் பருவத்தவர் ரூக்கி ஆக மாட்டார். கிரிக்கெட் தேர்ந்தது வேறு சொல்; ஆகவே வேறு பொருள். புதுமுகம் என்பதை விட்டு வளரும் நட்சத்திரம் என்ற பொருளை அது எடுத்துக்கொண்டது. இரண்டும் முறையானவையே. எந்தச் சொல்லைத் தேர்கிறோமோ அந்தச் சொல்லின் அளவுகோலால்தான் வாதிட வேண்டும் என்பதே இதிலிருந்து பெறும் பாடம்.

2024இன் அந்த ஒற்றை வாக்குக்கு இப்போது திரும்பலாம். அதைப் பிழை என்று இகழ்ந்தவர் பலர். ஆனால் அந்த வாக்கும் ஒரு கணக்கேட்டின்மீது நின்றது: வரலாறு காணாத ரீபவுண்ட் சராசரி, 15 ஆட்டங்கள் தொடர்ந்த இரட்டை இலக்கம். எண்களை ஏற்றுக்கொண்டு அவற்றின் எடையில் வேறுபடுவது முறையான கருத்து வேற்றுமை. அறுபத்தாறு பேரின் தீர்ப்பு வலுவானது என்பதற்கும், அறுபத்தேழாமவருக்கு ஒரு வாதம் இருந்தது என்பதற்கும் முரண் இல்லை. 40 ஆட்டங்களின் ஒவ்வொரு பாஸையும் ஒவ்வொரு ரீபவுண்டையும் யாரோ ஒருவர் எண்ணிப் பதிந்திருந்ததால்தான் அந்த விவாதம் நடக்க முடிந்தது.

இந்தியக் கூடைப்பந்தில் பெண்களுக்கு இன்று இல்லாதது அந்த எண்ணிக்கை. விருது ஒன்றை நாளையே அறிவித்துவிடலாம். அதற்குச் செலவு ஒரு கோப்பைதான். அதற்கு முன் வேண்டியது ஆண்டுதோறும் தவறாமல் நடக்கும் ஒரு பருவம், எல்லா அணிகளும் ஒன்றையொன்று சந்திக்கும் அட்டவணை, எவரும் எடுத்துப் பார்க்கக்கூடிய ஆட்டக் கணக்கேடு, எவருடைய முதல் ஆண்டு எப்போது தொடங்குகிறது என்ற எழுதப்பட்ட விதி. இவை நான்கும் இருந்தால் நீலசந்திராவின் தேநீர்க் கடையிலும் சென்னை நேரு அரங்கின் வாசலிலும் சங்ஙனாசேரியிலும் சிறந்த புதுமுகம் யார் என்று மக்கள் தாமே சண்டையிட்டுக்கொள்வார்கள். அந்தச் சண்டையில் பெயர் அடிபடும் பெண்ணுக்கு அப்போது இருபது வயதுதான் இருக்கும்; ஆடுவதற்கு இன்னும் பதினைந்து ஆண்டுகள் மீதமிருக்கும்.